விற்பது பொருளா, நம் பேரா?

செம்பனைக் காட்டில் குலை அறுப்பவர் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, டவுன் ஓரத்து மலிவு வீட்டுக்குக் குடிபோன பாட்டியின் தலையணைக்கு அடியிலும் கைப்பேசி இருக்கிறது. அந்தக் கைப்பேசிக்குள் அடிக்கடி இப்படி ஒரு செய்தி வந்து விழுகிறது:

"அக்கா, இந்த லிங்க்கை ஒரு தட்டு தட்டுங்க. இதுலேயே வாங்குங்க. ரொம்ப மலிவு."

அனுப்புகிறவர் யார்? முன்பின் தெரியாதவர் அல்ல. ஒரே தோட்டத்தில் பிறந்தவர், ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர், மாமன் மகனாகவோ சித்தி மகளாகவோ இருப்பவர். அதனால்தான் நாம் தட்டுகிறோம். பொருளைப் பார்த்துத் தட்டுவதில்லை; ஆளைப் பார்த்துத் தட்டுகிறோம்.

இந்தத் தொழிலுக்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பேர். நம் மொழியில் சொல்லப் போனால் சிபாரிசுத் தரகு. ஈப்போ, புந்தோங், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா, சுங்கை சிப்புட் என்று பேராக்கில் நம்மவர்கள் வாழும் இடங்களிலும் நம் பிள்ளைகள் இதில் இறங்குகிறார்கள். இது நல்ல தொழிலா, நம்மை ஏமாற்றும் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றாகச் சொல்லிவிட முடியாது. செய்கிறவர் கையில்தான் இருக்கிறது. அதை விளக்கத்தான் இன்றைக்கு இதை எழுதுகிறோம்.

நடப்பது எப்படி?

ஷோப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் ஆகியவை இணையத்தில் உள்ள பெரிய சந்தைகள். அங்கே விற்கிற பொருளை நீங்கள் சிபாரிசு செய்யலாம். சரக்கு வாங்கி வீட்டில் அடுக்க வேண்டாம். முதல் போட வேண்டாம். பேரைப் பதிந்துகொள்ளக் கட்டணமும் இல்லை. சில தளங்கள் மட்டும் உங்கள் பக்கத்தை இத்தனை பேராவது பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கும். பதிந்த பிறகு, பொருளுக்குப் பொருள் உங்களுக்கென்று தனி லிங்க் கிடைக்கும். அதற்குள் உங்கள் அடையாளம் பொதிந்திருக்கும். ஒருவர் அதைத் தட்டி உள்ளே போய், குறித்த கெடுவுக்குள் வாங்கினால், விலையில் ஒரு சிறு பங்கு உங்களுக்குக் கமிஷனாக வரும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷனும் போய்விடும்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், புத்தகக் கடையாக இருந்த காலத்திலேயே, 1996-இல் இதைத் தொடங்கிவிட்டது. இன்று உலகம் முழுக்க நடக்கிறது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழையில் வேலைக்குப் போட்டுப் போகும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி 30 வெள்ளி. கமிஷன் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி விற்றால் உங்களுக்கு வருவது ஒரு வெள்ளி ஐம்பது காசு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தைக் கமிஷனில் எடுக்க வேண்டுமானால் மாதம் 1,134 ஜோடி விற்க வேண்டும். 26 நாள் வேலை என்று பார்த்தால், நாள் ஒன்றுக்கு 44 ஜோடி! நம் தோட்டத்தில் மொத்தம் எத்தனை கால் இருக்கிறது?

ஆகவே, "வேலையை விடு, வீட்டிலிருந்தே ஆயிரம் ஆயிரமாகச் சம்பாதிக்கலாம்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்டு யாரும் கத்தியைக் கீழே வைத்துவிடக் கூடாது. பெரிய அளவில் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. நமக்கு இது பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ, தண்ணீர் மின்சார பில்லுக்கோ உதவும் பக்க வருமானமாக இருந்தாலே போதும்.

பழைய கமிஷன் ஒன்று

சிபாரிசுக்குக் கமிஷன் வாங்குவது நம் சமூகத்துக்குப் புதிதா என்று சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். நம் தாத்தா பாட்டிகளில் பலரை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்ததே ஒரு கமிஷன்தான்.

கங்காணி அன்று என்ன செய்தார்? தோட்டத்திலிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தம் சொந்த ஊருக்கே போனார். தம் உறவுக்காரர்களிடமும் தெருக்காரர்களிடமும் பேசினார். "நம்ம ஆளு சொல்றாரு" என்று நம்பிக் கப்பலேறினார்கள். கூட்டி வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். பிறகு தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்காசு. இந்திய அரசாங்கம் 1938-இல் மலாயாவுக்கு இப்படித் தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை போட்டது. அதோடு அந்த முறை முடிந்தது.

எல்லாக் கங்காணியும் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. தம் ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே விலை போனது எது? ஊர்க்காரர் என்ற நம்பிக்கை. அந்தக் கமிஷன் இவ்வளவு என்று கப்பலேறியவருக்குத் தெரிந்திருக்குமா? "மலாயாவில் காசு மரத்தில் காய்க்கிறது" என்பது போன்ற பேச்சை நம்பி வந்தவர், இங்கே வந்து மரத்தைப் பார்த்தபோது திரும்பிப் போக வழி இருந்ததா?

இன்றைக்கு லிங்க் அனுப்பும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பழைய தோட்டத்தின் பேரால் ஒரு குழு இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, கோயில்கூட இடம் மாறியிருக்கலாம். மிச்சமிருப்பது அந்த ஒட்டுறவுதான். சாவுக்கும் வாழ்வுக்கும் ஆள் சேர்ப்பது அந்தக் குழுதான். அதற்குள் பொய்யான ஒரு பொருளை விற்றால், போவது ஐம்பது வெள்ளி மட்டுமா?

நம்பிக்கையால் நிலம் வாங்கிய கதை

நம்பிக்கையை வைத்து நல்லது செய்தவர்களும் நம்மிடையே உண்டு. அதற்கும் பேராக்கிலேயே உதாரணம் இருக்கிறது.

1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வேலையும் போய், இருக்க வீடும் போய் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டம் வாங்குவது என்பது திட்டம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால் வெட்டிய கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துப் பங்கு எடுத்தார்கள் நம் மக்கள்.

யோசித்துப் பாருங்கள். பத்து வெள்ளி அன்றைக்கு லேசான காசா? கேட்டவுடன் யாராவது கொடுப்பார்களா? "அமைச்சர் சொல்லிட்டாருன்னு நம்பிக் குடுத்துட்டா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டிருக்க மாட்டார்களா? அதற்குப் பதில் பேச்சில் வரவில்லை, நிலத்தில் வந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. "இதோ, உங்கள் காசு இங்கே இருக்கிறது" என்று காட்ட ஒரு தோட்டம் கிடைத்தது. அதன்பின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

விற்பனையின் பாடம் இதில் முழுக்க இருக்கிறது. நேரில் போனார். திரும்பத் திரும்பப் போனார். வாங்கியவரின் காசு எங்கே போனது என்று காட்டினார். லிங்க் அனுப்பும் வேலைக்கும் இதைவிட வேறு சூத்திரம் கிடையாது.

சுங்கை சிப்புட்டில் ஒரு சமையலறை

அதே சுங்கை சிப்புட்டிலிருந்து இன்னொரு உதாரணம், நம் காலத்தில். 2020-இல் நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, சுகு – பவித்ரா தம்பதியின் யூடியூப் பக்கம் எல்லார் வாயிலும் அடிபட்டது. இருவரும் தோட்ட வேலை செய்தவர்கள். சாதாரண வீட்டுச் சமையலறை, சாதாரணச் சட்டி, நாம் தினமும் சாப்பிடும் கறி. பவித்ரா மலாய் மொழியில் சரளமாகப் பேசிச் சமைத்துக் காட்டினார். மலாய்க்காரர்களும் சீனர்களும் விரும்பிப் பார்த்தார்கள். பல லட்சம் பேர் அந்தப் பக்கத்தில் சேர்ந்தார்கள். அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் அவர்களைப் பேர் சொல்லிப் பாராட்டினார்.

அவர்களிடம் ஸ்டூடியோ இருந்ததா? ஒப்பனை இருந்ததா? இருந்தது ஒன்றுதான். தமக்குத் தெரிந்ததை, தாம் இருக்கிற இடத்திலிருந்து, நடிக்காமல் காட்டினார்கள். பார்த்தவர்கள் நம்பியது அதைத்தான்.

நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. தோட்டத்துப் பேச்சையும் தோட்டத்து வீட்டையும் மறைத்துவிட்டு, வாடகைக் காரின் பக்கத்தில் நின்று படம் போட்டால்தான் வியாபாரம் நடக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தவறு. காரைப் பார்த்து வருகிறவன் காருக்காக வருகிறான். உன் சொல்லுக்காக வருவதில்லை.

செய்ய வேண்டியவை

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை சில.

முதலில், தெரிந்த பொருளைச் சொல்லுங்கள். பால் வெட்டியவருக்கு நெத்தி லாம்பு தெரியும். புல் வெட்டுபவருக்கு மெஷின் தெரியும். வீட்டம்மாவுக்குக் குக்கரும் அரைவை மெஷினும் தெரியும். பட்டணத்துக் கடைக்காரனைவிட இதில் நமக்கு அனுபவம் அதிகம். "இந்த லாம்பு காலையில் அஞ்சு மணிக்குப் போட்டா பத்து மணி வரை நிக்குது, மழையில தண்ணி எறங்குது" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அதற்கு மேல் விளம்பரம் வேண்டாம்.

இரண்டாவது, குறையையும் சொல்லுங்கள். மேலே சொன்ன லாம்பில் தண்ணீர் இறங்கும் என்றதைக் கேட்டு இரண்டு பேர் வாங்காமல் போகலாம். ஆனால் அடுத்த தடவை நீங்கள் "இது நல்லா இருக்கு" என்று சொல்லும்போது பத்துப் பேர் நம்புவார்கள்.

மூன்றாவது, கமிஷன் வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இந்த லிங்க்கில வாங்கினா எனக்குக் கொஞ்சம் கமிஷன் கெடைக்கும்." இவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மறைத்து வைத்து, பிறகு ஒருநாள் தெரிய வரும்போதுதான் "நம்மகிட்டேயே காசு பார்த்தானா?" என்ற பேச்சு வரும். கங்காணி கதையில் கசந்தது இந்த மறைப்புத்தான்.

நான்காவது, பொருள் எப்படி வந்து சேரும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பொட்டலம் லயத்து வாசலுக்கு வருமா, தோட்ட ஆபீசோடு நின்றுவிடுமா? கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் வசதி உண்டா? வயதானவர்களுக்கு இதுதான் முதல் கவலை.

ஐந்தாவது, பணத்தைத் தளத்துக்கு வெளியே கட்டச் சொல்லாதீர்கள், நீங்களும் கட்டாதீர்கள். ஷோப்பி, லஸாடா போன்ற தளங்களில், பொருள் வந்து சேரும் வரை வாங்கியவரின் பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். சரியில்லை என்றால் கெடுவுக்குள் முறையிட்டுத் திருப்பிப் பெற வழி உண்டு. "நேரா என் பேங்க் கணக்கில போடுங்க, இன்னும் மலிவா தரேன்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அந்தப் பாதுகாப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கமிஷனும் வருமானம்தான். ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவுக்கு வந்தால், இதையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

தொடக்கூடாத பொருள்

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு – இவை நம் குடும்பங்களை அரித்துக்கொண்டிருக்கும் நோய்கள். "இந்தப் பொடியைச் சாப்பிட்டால் ஊசி போட வேண்டாம்" என்று வரும் லிங்க்கை யாரும் பரப்பக் கூடாது. இனிப்பு நீர், புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அனுப்பியவர் "நான் லிங்க்தானே போட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்திய அத்தையின் காலுக்கு யார் பதில் சொல்வது?

அரசாங்கத்தில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். முகத்துக்குப் பூசும் கிரீம்களுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் உண்டு. வெளுப்பாக்கும் கிரீம் சிலவற்றில் பாதரசம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, சுகாதார அமைச்சு அவற்றைத் தடை செய்திருக்கிறது. எண் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். எண் இருந்தாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் பட்டியலில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஏமாற்றுக்காரனை அடையாளம் காண

சிபாரிசுத் தரகு என்ற பேரில் வலை விரிப்பவர்களும் உண்டு. அடையாளம் மூன்று.

சேருவதற்கே காசு கேட்டால் விலகுங்கள். உண்மையான தளம் காசு கேட்பதில்லை.

பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்குத்தான் பணம் என்றால் விலகுங்கள். அது பிரமிட் திட்டம். 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பழைய வேலை, புதுச் சட்டை போட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வீடியோவுக்கு லைக் போடுங்க, காசு தரோம்" என்று டெலிகிராமில் அழைத்தால் விலகுங்கள். முதலில் பத்து வெள்ளி, இருபது வெள்ளி உண்மையாகவே வரும். பிறகு "நூறு கட்டுங்க, நூற்றைம்பது வரும்" என்பார்கள். அதன்பின் ஐந்நூறு, ஆயிரம். திருப்பிக் கேட்டால், "இன்னொரு தொகை கட்டினால்தான் எடுக்க முடியும்" என்பார்கள். கடைசியில் குழுவே காணாமல் போகும். இப்படிப்பட்டவர்கள் "உங்கள் பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் இரவல் கொடுங்க" என்றும் கேட்பார்கள். கொடுத்தால் திருட்டுப் பணம் உங்கள் பேரில் ஓடும். வழக்கும் உங்கள் மேல் வரும்.

ஏமாந்து பணம் கட்டிவிட்டால் வெட்கப்பட்டு ஒளிந்து கொள்ளாதீர்கள். உடனே 997 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். வாங்கிய பொருளில் வியாபாரி ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் தேவையில்லை.

பட்டை சொல்லும் பாடம்

தொழிலாளத் தோழர்களே! ரப்பர் மரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கன்று நட்டு ஐந்து, ஆறு ஆண்டு காத்திருந்த பிறகுதான் முதல் பால். அதன்பின் மெல்லிசாகப் பட்டையைச் சீவ வேண்டும். ஒழுங்காகச் சீவினால் பட்டை மறுபடி வளரும். இருபது, இருபத்தைந்து ஆண்டு மரம் பால் கொடுக்கும். இன்றைக்கே நிறையப் பால் வேண்டும் என்று ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தில் படும். அந்த இடம் முடிச்சு விழுந்து போகும். பிறகு அங்கே கத்தி ஓடாது.

நம் சொந்தக்காரர் நம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையும் அந்தப் பட்டை போன்றதுதான். ஒரு லிங்க்கை அனுப்பும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளை என் அம்மாவுக்கு வாங்கித் தருவேனா? தருவேன் என்றால் தைரியமாக அனுப்புங்கள். கமிஷனையும் கூச்சப்படாமல் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் அந்த ஒன்றரை வெள்ளி நமக்கு வேண்டாம்.